வீடியோ மீட்டிங்கில் போலி முகங்கள்: கம்பெனி பணம் ரூ.200 கோடி அபேஸ்

முதலாளியை வீடியோவிலேயே பார்த்தாச்சு, இனி என்ன சந்தேகம் என்று இருந்தால் ஆபத்துதான்.

பிரிட்டனைச் சேர்ந்த அரூப் என்ஜினீயரிங் கம்பெனியின் ஹாங்காங் ஊழியருக்கு 2024-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு இமெயில் வந்தது. ரகசியமாக பணம் அனுப்ப வேண்டும் என்று நிதி அதிகாரி பெயரில் கேட்டிருந்தார்கள். ஊழியருக்கு சந்தேகம். அடுத்து வீடியோ மீட்டிங். அதில் தெரிந்த முகங்கள், தெரிந்த குரல்கள். நம்பிவிட்டார். 15 தடவையாக 20 கோடி ஹாங்காங் டாலர் போய்விட்டது. நம்மூர் பணத்துக்கு 200 கோடி ரூபாய்க்கு மேல். பழைய வீடியோக்களை வைத்து கம்ப்யூட்டரில் தயாரித்த போலிகள் என்கிறது போலீஸ்.

எழுத்தை சந்தேகப்பட்டவர் முகத்தை பார்த்து ஏமாந்தார். நம்மூர் கம்பெனிகளிலும் இப்போது வீடியோவில்தான் பாதி பேச்சு. பணம் அனுப்பச் சொன்னால், ஏற்கனவே தெரிந்த நம்பருக்கு போன் போட்டு கேளுங்க. முதலாளி கோவிச்சாலும் பரவாயில்லை. பணம் போனால் முதல் கேள்வி கணக்கு பார்ப்பவரிடம்தான் வரும்.