பாலத்துக்கு அந்தப் பக்கம்

காலையில் ஸ்டூடியோவில் நான் அதிகம் சொல்லும் வார்த்தை "நெரிசல்". ஜொகூர் பாலத்தில் நெரிசல், இரண்டாவது பாலத்திலும் நெரிசல், கடப்பிதழை மறக்காதீர்கள் நேயர்களே! ஊருக்கெல்லாம் சொன்ன நான், என் வீட்டில் கோட்டை விட்டேன்.

சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு முதல் குழந்தை. சனிக்கிழமை பெயர் சூட்டுவிழா. பேரனுக்கு வெள்ளி அரைஞாண் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார் அம்மா. வெள்ளி இரவு அவருக்காகச் சிங்கப்பூரின் மின்னியல் வருகை அட்டையை நிரப்ப உட்கார்ந்தேன். கடப்பிதழ் காலாவதியாகும் தேதியைக் கேட்டது. புரட்டிப் பார்த்தால், இன்னும் 4 மாதம்தான்!

சிங்கப்பூருக்குள் நுழைய குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

"நாலு மாசம் இருக்கேப்பா! பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே, லண்டனுக்கா போறோம்?" என்றார் அம்மா. அவரைக் குறை சொல்ல முடியாது. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைவிடச் சற்றுதான் நீளம். சிறு வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடப்பிதழ் இல்லாமலே போய் வந்தவர் அவர். 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967இல்தான் கடப்பிதழ்ச் சோதனை வந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் வேறு, "நான் தினமும் போறேன், அட்டை கிட்டை எதுவும் நிரப்பறதில்லையே" என்றார். அவர் அங்கே வேலை அனுமதி உள்ளவர். தரைவழியாகப் போகும் நீண்டகால அனுமதிக்காரர்களுக்கு அந்த அட்டை தேவையில்லை. சும்மா பார்க்கப் போகும் நமக்குத் தேவை. போய்ச் சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். இலவசம்தான், காசு கேட்கும் இணையத்தளங்களை நம்பாதீர்கள். இன்னொன்று, அட்டை நிரப்பியதாலேயே அனுமதி கிடைத்ததாக ஆகாது. உள்ளே விடுவதும், எத்தனை நாள் தங்கலாம் என்பதும் அங்குள்ள அதிகாரியின் முடிவு. அந்த விவரம் மின்னஞ்சலில் வரும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை அம்மா வாட்ஸ்அப்பில்தான் பேரனைப் பார்த்தார். குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து இணைப்பு விட்டுவிட்டது. "என்ன பேருப்பா வச்சாங்க?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே குடிநுழைவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 100 ரிங்கிட்தான் கட்டணம். பணமா பிரச்சினை? பாட்டி மடியில் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாள் இனி வராதே.

இன்று இரவு அலமாரியைத் திறந்து, முதலில் உங்கள் அம்மா, அப்பாவின் கடப்பிதழைப் பாருங்கள். நம்முடையதை நாமே பார்த்துக்கொள்வோம். அவர்களுடையதைப் பார்க்க நாம்தான் இருக்கிறோம்.

அம்மாவின் கைப்பையில் இப்போது புதுக் கடப்பிதழ் இருக்கிறது. பக்கத்திலேயே அந்த மஞ்சள் துணி. வரும் ஞாயிறு கிளம்புகிறோம்.