ஸ்லிப்பர் ஆர்க்கிட்: வேர் அழுகினால் என்ன செய்வது?

‘‘தோட்டத்து மண் நிரப்பிய தொட்டியில் ஸ்லிப்பர் ஆர்க்கிட் வைத்திருக்கிறேன். இலை மஞ்சளாகி, வேர் கறுத்து அழுகுகிறது. காப்பாற்ற முடியுமா?’’
- வாசகி, ஏற்காடு

நல்ல வேர் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் காப்பாற்றலாம். மருந்து தேடும் முன் மண்ணை மாற்ற வேண்டும். இதன் வேருக்கு ஈரத்தோடு காற்றோட்டமும் தேவை. தோட்டத்து மண் இறுகிவிடும்.

செடியை எடுத்து, அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தியால் நறுக்கவும். மரப்பட்டைத் துண்டு, அடுப்புக்கரி, ஊறவைத்து உப்பு நீக்கிய தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றைக் கலந்து, அடியில் துளையுள்ள சிறிய தொட்டியில் நடவும். கலவை மக்கிவிடும் என்பதால், 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும்.

பல ஆர்க்கிட்களுக்கு உள்ளதுபோல் நீரைச் சேமிக்கும் தடித்த தண்டு இதற்குக் கிடையாது. ஆகவே, கலவை முழுதாகக் காயக் கூடாது. காலையில் நீர் ஊற்றவும், மழைநீர் சிறந்தது. குருத்தில் நீர் தேங்கக் கூடாது. நேரடி வெயிலும் ஆகாது.

ஒருமுறை பூத்த குருத்து மறுபடி பூக்காது. அதற்காக வெட்டி எறிய வேண்டாம். அதன் பக்கத்தில் வரும் கன்றுதான் அடுத்துப் பூக்கும்.

வாங்கும்போது கவனம் தேவை. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய மஞ்சள் ஸ்லிப்பர் ஆர்க்கிட், காட்டிலிருந்து அளவின்றி எடுக்கப்பட்டதால் அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இவ்வகைச் செடிகளைக் காட்டிலிருந்து எடுப்பது குற்றம். உரிமம் உள்ள நர்சரியில் ரசீதுடன் வாங்குங்கள்.