மலிவு சால்டரிங் ஸ்டேஷனில் எதைப் பார்ப்பது?

எலக்ட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைக்கு நாம் முதலில் வாங்கித் தருவது 25 வாட் சால்டரிங் அயர்ன். செருகினால் சூடாகும், எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சும்மா கிடக்கும்போது அதன் முனை, அதாவது பிட், கருகும். அகலமான கிரவுண்டு தடத்தில் வைத்ததும் சூடு இறங்கிவிடும். ஈயம் ஒட்டாமல் உருண்டு நிற்க, பிள்ளை தன் கையைக் குறை சொல்லிக்கொள்ளும். ஆகவே சூட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் கைதேர்ந்தவரைவிடக் கற்பவருக்குத்தான் அவசியம் என்பேன். 60/40 ஈயக்கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும். பிட்டை 320 முதல் 350 வரை வைத்தால் இரண்டு மூன்று நொடியில் இணைப்பு பளபளவென்று அமரும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மலிவு ஸ்டேஷன்களில் பல, ஜப்பானின் ஹக்கோ 936-ஐப் பார்த்துச் செய்தவை. அவற்றுக்கான பிட் குறைந்த விலையில் கிடைக்கும், அது பெரிய வசதி. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் டி12 வகையை வாங்குங்கள். ஹீட்டரும் வெப்ப உணரியும் பிட்டுக்குள்ளேயே இருப்பதால் சட்டென்று சூடேறும், இழந்த சூட்டை உடனே ஈடுகட்டும். டிஜிட்டல் திரைக்காகக் காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசில் உளிமுனை பிட் ஒன்று வாங்கலாம், ஊசிமுனையைவிட அது சூட்டை நன்றாகக் கடத்தும். கடைசியாக, எர்த். மின்சாரத்தில் செருகாமலே, பிளக்கின் எர்த் பின்னுக்கும் பிட்டுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.