தீப்பெட்டிக்குள்ள கல்லு போட்டா சீக்கிரம் சறுக்குமா?

ஒரு சின்னக் கேள்வி. வீடு கட்டும்போது மிஞ்சின டைல்ஸ் ஒன்று எடுத்துக்குங்க. அது மேல ஒரு காலித் தீப்பெட்டியை வைத்து, டைல்ஸின் ஒரு ஓரத்தை மெதுவா தூக்குங்க. ஏதோ ஒரு உயரத்தில் பெட்டி சறுக்கும். இப்போ அதே பெட்டிக்குள்ள கூழாங்கல்லை நிரப்பி மறுபடியும் தூக்கினா, முன்னாடியே சறுக்குமா, இல்ல லேட்டா சறுக்குமா?

மெக்கானிக்ஸ் நோட்டைத் திறக்காம பதில் சொல்லுங்க.

ரெண்டுமே இல்லை. கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் சறுக்கும். எடை கூடும்போது கீழே இழுக்கிற விசை கூடுது. அதே விகிதத்தில் பெட்டி டைல்ஸை அழுத்துறதும் கூடுது, அதனால உராய்வும் கூடுது. முதல் வருஷத்தில் ‘ஆங்கிள் ஆஃப் ஃப்ரிக்‌ஷன்’ என்று படிச்சோமே, இதுதான் அது. பேப்பரில் மாஸை அடிச்சுவிட்டு மார்க் வாங்கியிருப்போம். ஆனா திடீர்னு யாராவது கேட்டா, ‘வெயிட்டு ஜாஸ்தி, சீக்கிரம் சறுக்கும்’னுதான் மனசு சொல்லுது.

ஏன்? ஃபார்முலா வருவதற்குப் பல வருஷம் முன்னாடியே நமக்குள்ள ஒரு சொந்த இயற்பியல் உருவாகிடுது. அதை யாரும் கேள்வி கேட்கவே இல்லை. சமச்சீர் புத்தகத்தில் ‘விசையும் இயக்கமும்’ என்ற பாடம் ஆறாம் வகுப்பில் வருது. அதுக்குள்ள திட்டக்குடிப் பையன் நுங்கு வண்டி ஓட்டியிருப்பான், சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி விரட்டியிருப்பான், கோலி அடிச்சிருப்பான், பம்பரம் விட்டிருப்பான். அதிலிருந்து அவன் எடுத்த முடிவு ஒன்று உண்டு: தள்ளினாத்தான் ஓடும், தள்ளுறதை விட்டா நின்னுடும். அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய இதைத்தான் நினைத்தார். அப்படிப்பட்ட பையனிடம் நியூட்டனின் முதல் விதியை நாலு வரி வரையறையாகக் கொடுத்தா, பரீட்சைக்கு அதை எழுதுவான். மனசுக்குள்ள பழசையே வெச்சுக்குவான்.

அப்போ விளையாட விட்டா போதுமா? போதாது. நுங்கு வண்டி ஓட்டினவங்க எல்லாருக்கும் இயற்பியல் வந்திருந்தா, எந்தக் காலேஜிலும் மெக்கானிக்ஸ் அரியரே இருக்காதே. கையில் பொருளைக் கொடுப்பது பாதி வேலைதான். செய்து பார்க்கும் முன்னாடி ‘என்ன ஆகும்?’ என்று கேட்டு, குழந்தை வாயால் ஒரு பதில் வாங்குவதுதான் மீதிப் பாதி. பதில் சொல்லிட்டா அது அவனோட பந்தயம். தோற்றாலும் ஜெயிச்சாலும் கண் கொட்டாம பார்ப்பான்.

ஒரு உதாரணம். புத்தகத்தைச் சாய்த்து வைத்து, அதிலிருந்து ஒரு கோலியை உருட்டி விடணும். முதல்ல சிமென்ட் தரையில், அப்புறம் சாக்கு மேல, அப்புறம் வெள்ளாற்று மணல் மேல. ஒவ்வொரு தடவையும் முதல்ல யூகம், அப்புறம் ஜாண் போட்டு அளவு. புத்தகத்தின் சாய்வை மாத்தக் கூடாது. தரை மட்டும்தான் மாறணும். ‘மண்ணுதான் புடிச்சு நிறுத்துது’ என்ற இடத்துக்குக் குழந்தை தானா வந்து சேர வாய்ப்பு இருக்கு. வந்தவுடனே அடுத்த கேள்வி: ‘புடிச்சு நிறுத்த எதுவுமே இல்லைனா?’ கலிலியோ சாய்தளத்தை வைத்து யோசித்ததும் இந்தக் கேள்வியைத்தான். (ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்குக் கோலி வேண்டாம், வாயில் போட்டுக்கும். பந்து போதும்.)

உராய்வைக் காட்ட வெளியூரிலிருந்து எந்தக் கிட்டும் வரவேண்டியதில்லை. பக்கத்திலேயே விருத்தாசலம், பீங்கான் ஊர். பளபளப்புப் பூச்சு போட்ட பக்கம் ஒரு மாதிரி, பூச்சு இல்லாத அடிப்பக்கம் இன்னொரு மாதிரி. டைல்ஸைத் திருப்பிப் போட்டு அதே தீப்பெட்டியை வைத்தா அடுத்த பரிசோதனை ரெடி.

இது புது யோசனையும் இல்லை. 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் தொடங்கியது. 2002-ல் அரசு நிறுத்தும் வரைக்கும் அது நடந்தது. ஐஐடி கான்பூரில் எஞ்சினியரிங் முடித்து டெல்கோவில் வேலை பார்த்த அரவிந்த் குப்தா, 1978-ல் ஒரு வருஷம் லீவு போட்டு அங்கே போனார். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து அவர் உருவாக்கிய பொம்மைகள் அங்கிருந்துதான் தொடங்கின. நம்ம ஊரிலும் செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்துப் பிறகு மாநிலம் முழுக்கப் போனது. 2022 நவம்பரில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் வானவில் மன்றம் வந்தது. நல்ல விஷயம். ஆனா ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைங்களுக்கும் இதே மாதிரி யாராவது வேணுமே.

இங்கேதான் நம்ம பங்கு வருது. காலேஜ் கிளப், என்எஸ்எஸ் கேம்ப் என்று கிராமத்துப் பள்ளிக்குப் போகும்போது நாம பொதுவா என்ன எடுத்துட்டுப் போறோம்? ட்ரோன், லைன் ஃபாலோயர் ரோபோ. ரிமோட் நம்ம கையில, பிள்ளைங்க நாற்பது பேரும் தரையில உட்கார்ந்து கைதட்டுவாங்க. செம போட்டோ கிடைக்கும். ஆனா அதுல ஒரு குழந்தைகூட எதையும் தள்ளலை, எதையும் யூகிக்கலை. ‘அண்ணா பெரிய ஆளு’ என்பது மட்டும்தான் அவங்க கத்துக்கிட்டது.

டைல்ஸ் பத்து, தீப்பெட்டி பத்து, ஒரு பை கூழாங்கல். நாற்பது பேரை நாலு நாலு பேரா பிரிச்சு உட்கார வையுங்க. யூகத்தைச் சிலேட்டில் எழுதச் சொல்லுங்க. தப்பா எழுதினவங்களைத் திருத்தாதீங்க, டைல்ஸ் திருத்தும். ‘விடை என்னண்ணா?’ன்னு கேட்டா, ‘தூக்கிப் பாரு’ன்னு மட்டும் சொல்லுங்க.

அடுத்த கேம்ப் லிஸ்ட் போடும்போது ட்ரோனுக்கு முன்னாடி தீப்பெட்டியை எழுதுங்க. போறதுக்கு முந்தின நாள் ஹாஸ்டலில் நீங்களே ஒரு தடவை தூக்கிப் பாருங்க. நமக்கும் அது பாக்கி இருக்கு.