குளிரில் கூடிச் செல்லும் சைக்கிள்கள்

பிரிட்டனின் நாட்டுப்புறச் சாலைகளில், டிசம்பர், ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் இரட்டை வரிசையாகப் போவதைக் காணலாம். இதை அங்கே ‘கிளப் ரன்’ என்கிறார்கள். வழக்கம் பழையது. சைக்கிள் பயணிகளுக்கான தேசியச் சங்கம் யார்க்ஷயரின் ஹாரோகேட் நகரில் 1878இலேயே தொடங்கிவிட்டது. இது பந்தயம் அல்ல. அறுபது, எண்பது கிலோமீட்டர் நிதானமாக மிதித்து, நடுவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் வீடு திரும்புவார்கள். டிசம்பர் கடைசியில் லண்டனில் மாலை நான்கு மணிவாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

இந்தப் பயணத்துக்கு விதிகள் நிறைய. அவை ஏன் என்று புரிய, முதலில் காற்றைப் பார்க்க வேண்டும்.

சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். குளிர்ந்த காற்று அடர்த்தியும் கூடியது: 25 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 0 டிகிரியில் ஏறத்தாழ 9 சதவீதம் அதிகம். முன்னால் போகிறவர் இந்தக் காற்றைப் பிளந்து செல்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் சிறிது தூரத்துக்குக் காற்று அவரோடு இழுபட்டு நகர்கிறது. இந்த இடத்தைக் காற்றுமறைவு எனலாம். இதற்குள் ஒட்டி வருபவருக்கு ஏறத்தாழ கால் பங்கு உழைப்பு மிச்சம்.

மிச்சம்தானே, நல்லதுதானே என்று தோன்றும். கோடையில் அப்படித்தான். குளிர்காலத்தில் கணக்கு கொஞ்சம் மாறுகிறது.

தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி வெப்பம். பெடலில் 150 வாட் கொடுப்பவரின் உடல் 450 வாட் வெப்பத்தை உண்டாக்கும். அவரைக் காப்பது அதுதான். அதைப் பறிப்பது காற்றுக்குளிர், அதாவது வீசும் காற்றால் தோல் உணரும் கூடுதல் குளிர். 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் பட்டால் 0 டிகிரிபோல் உறைக்கும். முன்னால் இருப்பவருக்குக் காற்றும் அதிகம், உழைப்பும் அதிகம், ஆகவே வெப்பமும் அதிகம். பின்னால் இருப்பவருக்கு மூன்றுமே குறைவு. நெடுநேரம் முன்னால் இருந்தால் வியர்வை உள்ளாடையை நனைக்கும். நெடுநேரம் பின்னால் இருந்தால் விரல்கள் மரத்துப்போகும். அதனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முன்வரிசை இருவரும் விலகிப் பின்னால் வருவார்கள். வேகமும் யாருக்கும் அதிகம் வியர்க்காத அளவில் இருக்கும். ஏற்றத்தில் நனைந்தவர்தான் இறக்கத்தில் நடுங்குவார்: அங்கே மிதிப்பதே இல்லை, காற்றோ உச்சத்தில்.

அடுத்து மட்கார்டு. நம் ஊர் சைக்கிளில் அது இல்லாமல் வராது என்பதால் நாம் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. பந்தய சைக்கிளில் அது இருக்காது. ஈரச் சாலையில் பின்சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் நேராகப் பின்னால் வருபவரின் முகத்துக்குப் போகும். அவரோ காற்றுமறைவுக்காக ஒட்டி வருகிறவர். பல கிளப்புகள் குளிர்காலத்தில் மட்கார்டைக் கட்டாயமாக்குவதும், சிலர் அதன் நுனியில் ரப்பர் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவதும் இதற்காகத்தான். அதாவது உங்கள் மட்கார்டு உங்களைவிட அடுத்தவருக்கே அதிகம் பயன்படுகிறது.

பஞ்சரும் இந்தப் பருவத்தில் அதிகம். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் வேலிச்செடிகளை வெட்டுவதில்லை. இலையுதிர்காலத்திலும் குளிரிலும் வெட்டுகிறார்கள். முள்துண்டுகள் சாலையில் சிதறுகின்றன. ஒருவர் டயரைக் கழற்றும் பத்து நிமிடமும் எல்லாரும் நிற்க வேண்டும். வெப்ப உற்பத்தி நின்றுவிடுகிறது, ஈர உடை மட்டும் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே குளிர்காலத்துக்குத் தடித்த டயர் போடுவார்கள், ஒல்லி டயரோடு வருபவரைப் பார்த்து முணுமுணுப்பார்கள்.

இருவர் இருவராகப் போவதைக் கார் ஓட்டுபவர்கள் பலர் திட்டுவதுண்டு. பன்னிரண்டு பேர் ஒற்றை வரிசையில் போனால் வரிசை இரண்டு மடங்கு நீளும். தாண்டிச் செல்ல அதிக நேரம் பிடிக்கும். பெரிய குழுவில் இருவர் இணையாகச் செல்வது பாதுகாப்பானதாக இருக்கலாம் என்று 2022இல் திருத்தப்பட்ட பிரிட்டிஷ் சாலை விதிநூலும் சொல்கிறது.

எல்லா விதிகளுக்கும் மேலானது உறைபனி. வெப்பமானி 2, 3 டிகிரி காட்டும்போதும், தெளிந்த இரவுக்குப் பிறகு தரை உறைந்திருக்கலாம். வயலிலிருந்து கசிந்த நீர் கண்ணாடிபோல் இறுகி, அடியிலுள்ள தாரின் நிறத்திலேயே தெரியும். இதைக் கறுப்புப் பனி என்பார்கள். பெரிய சாலைகளில் உப்புத் தூவுவார்கள், சிறிய சாலைகள் பெரும்பாலும் விட்டுப்போகும். ஒருவர் சறுக்கினால் அரை மீட்டர் இடைவெளியில் வருபவருக்குத் தப்ப வழியில்லை. இப்படிப்பட்ட காலைகளில் புறப்பாட்டைத் தள்ளிவைப்பார்கள், அல்லது கைவிடுவார்கள்.

மட்கார்டு இல்லை என்று புதியவரைக் கடைசி வரிசைக்கு அனுப்புவது முதலில் கடுமையாகத் தெரியும். அந்தக் கடுமையில் பாதிக்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. மீதிப் பாதி, எந்தச் சங்கத்திலும் மூத்த உறுப்பினர்களுக்கு இருக்கும் அதிகாரப் பிரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.