முகம் கிடைத்தவர்களும் இலக்கமாக நின்றவர்களும்

சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் ஓவியக்கூடத்தில், 1921ஆம் ஆண்டு தொடங்கிய ஆர்ச்சிபோல்ட் உருவப்பட விருதுக்கான கண்காட்சியை 2022இல் பார்க்கக் கிடைத்தது. பரிசுத்தொகை ஒரு இலட்சம் அவுஸ்திரேலிய டொலர். அந்த வருடம் அதை வென்றது பிளாக் டக்ளஸ் வரைந்த பிரமாண்டமான ஓவியம். லிஸ்மோர் வெள்ளத்துக்குள், இரு கைகளிலும் ஒழுகும் வாளிகளோடு நிற்கிறார் ஆதிக்குடி ஓவியர் கார்லா டிக்கென்ஸ். கூட்டம் அதன் முன்னால்தான்.

நான் அதிக நேரம் நின்றது வேறொரு படத்துக்கு முன்னால். மொஸ்தபா அஸிமிதபார் ஈரானிலிருந்து வந்த குர்திஷ் அகதி. 2013இல் படகில் வந்தவரை மானுஸ் தீவில் வருடக்கணக்காக வைத்திருந்தார்கள். சிகிச்சைக்கென்று மெல்பேர்ணுக்குக் கொண்டுவந்த பிறகும் ஹொட்டேல் அறைகளில் பூட்டிவைத்தார்கள். 2021 ஜனவரியில்தான் விடுதலை. மானுஸில் வர்ணம் கேட்டார், கொடுக்கவில்லை. பல் துலக்கும் பிரஷைக் கோப்பியில் தோய்த்து வரையப் பழகினார். இந்தச் சுய உருவப்படத்தையும் அப்படியொரு பிரஷால்தான் வரைந்திருக்கிறார். படத்தின் பெயர் 'கே.என்.எஸ். 088'. தடுப்பில் அவருக்குப் பெயருக்குப் பதிலாகக் கொடுத்த இலக்கம் அது. அடைத்து வைத்தது மத்திய அரசு, சுவர் கொடுத்தது மாநில அரசின் ஓவியக்கூடம்.

இந்த விருதுக்கு ஒரு விதி உண்டு. வரையப்படுபவர் ஓவியர் முன் ஒருதடவையாவது நேரில் அமர்ந்திருக்க வேண்டும், புகைப்படம் மட்டும் போதாது. அகதியை இலக்கமாக வைத்திருப்பதற்கு இதற்கு நேர்மாறான ஏற்பாடு தேவை. எவரும் எதிரில் இருந்து பார்க்கக்கூடாது. தீவுகள் உதவியது அதற்குத்தான். 2014இல் நவுறு, ஊடகவியலாளருக்கான விசாக் கட்டணத்தை 200 டொலரிலிருந்து 8,000 டொலராக உயர்த்தியது. அந்த முகாம்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்.

2022இல் நடந்ததையே பாருங்கள். மே 21, அவுஸ்திரேலியத் தேர்தல் நாள். இலங்கையிலிருந்து வந்த படகொன்று இடைமறிக்கப்பட்டதாக, வாக்களிப்பு முடியும் முன்பே பிரதமர் மொரிசன் அறிவித்தார். அதில் இருந்தவர்கள் யார், எந்த ஊர், ஏன் வந்தார்கள் என்பது செய்தியில் இல்லை. திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆட்சி மாறியது, படகுகளைத் திருப்பும் கொள்கை மாறவில்லை. அதே புதிய அரசு, நான்கு வருடங்களுக்கு மேலாக அலைக்கழிக்கப்பட்ட பிலோலா தமிழ்க் குடும்பத்தை ஜூனில் அவர்களது ஊருக்குத் திரும்ப விட்டது. அந்தக் குடும்பத்தை அயலவர்களுக்கு முகம் பார்த்துத் தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும். அதனால்தான் அந்தச் சிறிய ஊர் விடாமல் போராடியது.

அந்தக் குடும்பம் வீடு திரும்பியதில் மகிழ்ச்சிதான். ஆனால், பிரபலமாகும் முகத்துக்குத்தான் நீதி என்றால் அது உரிமையல்ல, சலுகை. 2020இல் இதே கண்காட்சியில் பார்வையாளர் தெரிவு விருதை வென்றது பெஹ்ரூஸ் பூச்சானியின் உருவப்படம். பூச்சானிக்கோ அவுஸ்திரேலியாவுக்குள் வர அனுமதி இருக்கவில்லை. படத்தை விரும்புவது ஆளை ஏற்பதாகிவிடாது.

என்னோடு வந்திருந்த நண்பர் முல்லைத்தீவுக்காரர், 2012இல் படகில் வந்தவர். இன்னமும் தற்காலிக விசாதான். படத்தின் தலைப்பு என்னவென்று பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா கேட்டார். நான் விளக்கினேன். நண்பர் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்து படியில் நின்று தேநீர் குடிக்கும்போது, தன்னுடைய மூன்று எழுத்துகளையும் மூன்று இலக்கங்களையும் சொன்னார். நான் கேட்கவில்லை.