வீட்டை இடிப்பதா? பழுது பார்ப்பதா?

“பழைய வீடு, இனி உதவாது, இடித்தே தீரவேண்டும்.” தொழிலாளிகள் குடியிருக்கும் தெருவைப் பற்றி மேலே உட்கார்ந்திருப்பவர்கள் ஓயாமல் பாடும் பாட்டு இது. கனதனவான் வாழும் பங்களாவுக்கு நூறு வயதானால் அது பாரம்பரியச் சின்னமாகிவிடும். பாட்டாளி குடியிருக்கும் வீட்டுக்கு நூறு வயதானால் அது ஊருக்கே அவமானமாகிவிடும்! இந்த நியாயத்தை ஏற்க மறுத்த ஜனங்கள் இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கதையை மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

லிவர்பூல் நமக்குச் சம்பந்தமில்லாத ஊர் அல்ல. லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு இறங்கிய துறைமுகம் அதுதான். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டு அங்கிருந்து பஞ்சு வரத்து நின்றபோது, இந்திய விவசாயி விளைவித்த பருத்தி கப்பல் கப்பலாகப் போய் இறங்கியதும் அங்கேதான். அந்த நகரத்தின் டாக்ஸ்டெத் பகுதியில் உள்ளது கிரான்பி வட்டாரம். வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள். கப்பல் வேலைக்கு வந்த ஆப்பிரிக்கரும், மேற்கிந்தியத் தீவினரும், சோமாலியரும், ஏமன் நாட்டவரும் வெள்ளைக்காரத் தொழிலாளிகளோடு அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்த இடம். கடைத்தெரு எப்போதும் கலகலப்பாக இருக்கும்.

பாழாக்கியது யார்?

துறைமுக வேலை சுருங்கியது. ஆலைகள் மூடின. வேலையில்லாத் திண்டாட்டம் ஒரு பக்கம், கறுப்பு இளைஞர்கள் மீது போலீஸ் கெடுபிடி மறுபக்கம். 1981 ஜூலையில் ஜனங்களின் ஆத்திரம் வெடித்தது. பிரிட்டன் பெருநிலத்தில் கூட்டத்தின் மீது போலீசார் முதல்முறையாகக் கண்ணீர்ப் புகை வீசியது அப்போதுதான்.

பிறகு சர்க்கார் என்ன யோசித்தது? அன்றைய நிதி மந்திரி ஜெஃப்ரி ஹவ், லிவர்பூலுக்காகப் பணத்தைக் கொட்டுவது வீண், கட்டுப்பாட்டோடு நலிய விடலாமா என்று யோசனை கூறியிருக்கிறார். 2011 டிசம்பர் கடைசியில் வெளியான சர்க்கார் காகிதங்கள் இதை அம்பலப்படுத்தின. மந்திரி மைக்கேல் ஹெசல்டைன் அதை எதிர்த்தார் என்பதும் உண்மை. ஆனால் கிரான்பித் தெருக்களில் நடந்தது என்ன? வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஜன்னல்களில் பலகை அடிக்கப்பட்டது. கூரை ஒழுகியது, உத்திரம் உளுத்தது. பல தெருக்கள் தரைமட்டமாயின. பழைய வீடுகளோடு எஞ்சியவை நான்கே தெருக்கள்.

2002-ல் இன்னொரு திட்டம் வந்தது. வடக்கு, மத்திய இங்கிலாந்தில் ஒன்பது பகுதிகளில் பழைய வீடுகளை இடித்து, விழுந்துபோன வீட்டு விலையைத் தூக்கி நிறுத்துவது என்றார்கள். திட்டத்தின் பெயரே “வீட்டுச் சந்தைப் புதுப்பிப்பு”. பெயரைக் கவனியுங்கள், தோழர்களே! அவர்கள் புதுப்பிக்க நினைத்தது சந்தையை. ஒழுகும் கூரையை அல்ல. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை நமக்குத் தெரியும். இவர்களோ விலை ஏறுவதற்காகவே வீட்டை இடிக்கப் புறப்பட்டார்கள்! 2010-ல் வந்த சர்க்கார் பணத்தை நிறுத்தியது. இடித்தது பாதி, பலகை அடித்தது மீதி என்று தெருக்கள் அந்தரத்தில் நின்றன.

எடுத்தவர்கள் பெண்கள்

போகமாட்டோம் என்று உட்கார்ந்தவர்கள் சில குடும்பத்தினரே. முன்னே நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் குப்பையை வாரினார்கள். அடைத்த ஜன்னல் பலகைகளில் திரைச்சீலையும் பூவும் வரைந்தார்கள். வாசலில் தொட்டி வைத்துச் செடி வளர்த்தார்கள். தெருவிலேயே மாதச் சந்தை கூட்டினார்கள். 2011-ல் ஒரு சமூக நில அறக்கட்டளையை அமைத்தார்கள். நகரசபையிடமிருந்து கெய்ர்ன்ஸ் தெருவில் 10 வீடுகள் அவர்கள் கைக்கு வந்தன.

“அசெம்பிள்” என்ற இளம் கட்டிடக் கலைஞர் குழு இவர்களோடு சேர்ந்து வேலை செய்தது. நிற்கும் சுவரை நிற்க விட்டார்கள். மாடித் தளம் விழுந்துபோன இடத்தில் மறுபடி தளம் போடாமல், உயரமான கூடமாக விட்டார்கள். இடிபாட்டுக் கல்லையும் செங்கல் தூளையும் சிமென்டோடு குழைத்து, கணப்படுப்புக்கு முகப்பு வார்த்தார்கள். ஓடும் கைப்பிடியும் செய்யும் பட்டறை ஒன்று அங்கே தோன்றியது. 2015-ல் பிரிட்டனின் பிரபல டர்னர் கலைப் பரிசு இந்த வேலைக்காக அந்தக் குழுவுக்குக் கிடைத்தது. பாழடைந்த இரண்டு வீடுகளின் உட்புறம் 2019-ல் தெருவாருக்குப் பொதுவான கூரை போட்ட தோட்டமாயிற்று.

பரிசைவிடப் பெரிய விஷயம்

பத்திரிகைகள் பரிசைக் கொண்டாடின. நாம் கவனிக்க வேண்டியது நிலத்தை. பழுது பார்த்த தெருவுக்கு மவுசு கூடும். மவுசு கூடினால் வாடகை கூடும். வாடகை கூடினால் காப்பாற்றியவனே வெளியேற வேண்டியதுதான். குத்தகை நிலத்தை உரம் போட்டுப் பண்படுத்தியவனையே நிலச்சுவான்தார் வெளியேற்றிய கொடுமையை அனுபவித்த விவசாயிக்கு இதை விளக்க வேண்டுமா? அறக்கட்டளை இதற்கு ஒரு பூட்டுப் போட்டது. விலை சந்தையைப் பார்த்து ஏறாதபடி, வட்டாரத்து ஜனங்களின் வருமானத்தோடு அதைப் பிணைத்தது.

பக்கத்திலேயே வெல்ஷ் தெருக்கள் உள்ளன. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டார் பிறந்த வீடு அங்கேதான். அவற்றையும் இடிக்கத் திட்டமிட்டார்கள். ஜனங்கள் போராடினார்கள், 2015-ல் மந்திரி அனுமதி மறுத்தார். வீடுகள் பின்னர் அழகாகவே பழுது பார்க்கப்பட்டன. ஆனால் பழைய குடிகளில் பெரும்பாலோர் அதற்கு முன்பே வெளியே அனுப்பப்பட்டிருந்தார்கள். இன்று அவற்றை வாடகைக்கு விடுவது ஒரு தனியார் கம்பெனி. சுவர் பிழைத்தது. சாவி யார் கையில்?

“பத்து வீட்டால் பஞ்சம் தீருமா?” என்று கேட்கலாம். தீராது. முதலாளி வர்க்கம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கும் லட்சணம், சேரியை இங்கே அழித்து அங்கே முளைக்க விடுவதுதான் என்று எங்கெல்ஸ் 1872-லேயே விளக்கினார். அதை மாற்ற, சர்க்கார் பெருமளவில் வீடு கட்ட வேண்டும். வாடகைக்குக் கட்டுப்பாடு வேண்டும். ஜனங்களே தெருவைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்லிச் சர்க்கார் கைகழுவ இடம் தரக்கூடாது. ஆனால் கிரான்பி ஒன்றை நிரூபித்துவிட்டது: “உதவாது” என்று தீர்ப்பளிக்கப்பட்ட வீடு உதவும்.

ஆகவே, எந்த ஊரிலானாலும் நிபுணர்கள் வந்து “இந்தத் தெரு இடிய வேண்டும்” என்றால், நாலு கேள்வி கேளுங்கள். பழுது பார்த்தால் ஆகும் செலவு என்ன? வேலை முடியும்வரை நாங்கள் எங்கே இருப்பது? திரும்பி வரும்போது வாடகை எவ்வளவு? அடியில் இருக்கும் நிலம் யார் பெயரில் இருக்கும்?

நாலுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை ஒரு செங்கல்லும் பெயரக் கூடாது!